நதிமூலம் கேட்போம்: ஹிப் ஹாப் கலையின் தோற்றம் பற்றிய வழக்குகள்

நம் கழகத்தின் வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு விழாக் குழுவினர் பணித்தபோது, பொருளைத் தேடி நாம் நெடுந்தொலைவு அலைய நேரவில்லை. சென்ற ஆண்டு பள்ளி ஆண்டு விழாவில் பத்தாம் வகுப்பு மாணவர் சிலர் தரையில் உருண்டும் தலையை ஊன்றிச் சுழன்றும் ஓர் ஆட்டம் ஆடினர். விழா முடிந்தபின் அவர்களுள் ஒருவன் நம் அறைக்கு வந்து, "ஐயா, இந்த ஆட்டத்தை முதன்முதலில் தொடங்கியவர் யார்?" என்று வினவினான். "அமெரிக்காவில் யாரோ தொடங்கினார்கள், தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

அவன் சென்றபின் அந்த விடை நம் நெஞ்சை உறுத்தியது. நாம் பள்ளியில் பயின்ற 1980-களில் 'பிரேக் டான்ஸ்' என்ற பெயரில் இவ்வாட்டம் நம் ஊர்த் திருவிழா மேடைகளுக்கு வந்தது. திரைப்படக்காரர் கண்டுபிடித்த ஒன்று என்றே அன்று நம்பினோம். பின்னரும் கேட்டறிய முயலவில்லை. "யாரோ" என்பது சிறிய சொல்தான். ஆயினும், இந்தக் குளத்தை வெட்டியவர் யார், இந்தக் கல்லைச் சுமந்தவர் யார் என்று நம் முன்னோரைப் பற்றி நாம் கேட்டபோதெல்லாம் நமக்குக் கிடைத்த விடையும் அதே சொல்லன்றோ? அதே விடையை நாமும் ஒரு மாணவனுக்குத் தந்தோம் என்ற நாணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

நதிமூலமும் ரிஷிமூலமும் கேட்கலாகாது என்பது நாட்டில் வழங்கும் பழமொழி. மூலம் மதிப்போடு ஏட்டில் எழுதப்பட்டிருப்போர் அவ்வாறு சொல்லி அமைதி கொள்ளலாம். எழுதப்படாதோர் கேட்டே ஆக வேண்டும். ஹிப் ஹாப் கலையைப் படைத்தவர்கள் அமெரிக்க நாட்டின் கறுப்பின மக்களும், கரீபியன் தீவுகளிலிருந்து குடியேறிய ஏழை மக்களும் ஆவர். அக்கலையின் மூலம் எது, முன்னோடி யார் என்பது பற்றி இன்றளவும் அவர்களுக்குள் வழக்கு நடக்கிறது. அவ்வழக்கை அறிவது நமக்கும் பயன் தரும்.

அம்மக்களோடு நமக்குள்ள உறவும் புதியதன்று. அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை பயின்ற கொலம்பியா பல்கலைக்கழகம், நியூயார்க் நகரில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் பகுதியை அடுத்தே உள்ளது. 1946-இல் கறுப்பினப் பேரறிஞர் டூ பாய்ஸ் அவர்களுக்கு அண்ணல் மடல் எழுதினார். அவரும் மறுமொழி அனுப்பினார். 1972-இல் பம்பாயில் தோன்றிய தலித் சிறுத்தைகள் இயக்கம், அமெரிக்காவின் கருஞ்சிறுத்தைகள் இயக்கத்தை நினைந்தே தனக்குப் பெயர் சூட்டிக்கொண்டது.

கலையின் நான்கு உறுப்புகள்

ஹிப் ஹாப் என்பது ஒரு பாட்டுவகை மட்டுமன்று. அதற்கு நான்கு உறுப்புகள் உண்டு என்பர். இசைத்தட்டுகளைக் கையால் இயக்கிப் புதிய இசை படைத்தல் ஒன்று. அதனைச் செய்பவரை டிஜே என்பர். அவ்விசைக்கு இயைய எதுகையும் மோனையும் அமைய வேகமாகப் பேசுதல் இரண்டாவது. இதுவே ராப் எனப்படும். தரையில் சுழன்றாடும் ஆட்டம் மூன்றாவது. சுவரிலும் தொடர்வண்டிப் பெட்டியிலும் வண்ணத்தால் பெயர் தீட்டுதல் நான்காவது. இந்நான்கும் ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒருவர் கையால் தோன்றியவை அல்ல. வழக்குகள் எழுவதற்கு முதற்காரணம் இதுவே.

பிராங்க்ஸ் என்னும் களம்

நியூயார்க் நகரின் ஐந்து பெரும் பகுதிகளுள் பிராங்க்ஸ் ஒன்று. அதன் ஊடே 1948 முதல் பல ஆண்டுகள் ஒரு விரைவு நெடுஞ்சாலை அமைக்கப்பட்டது. ராபர்ட் மோசஸ் என்ற பேரதிகாரி வகுத்த திட்டம் அது. சாலைக்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. வசதியுடையோர் வெளியேறினர், தொழிற்சாலைகள் மூடப்பட்டன. 1970-களில் தீ பரவியது. பழுதடைந்த வீடுகளைப் பழுதுபார்க்க மனமில்லாத உடைமையாளர் சிலர் காப்பீட்டுத் தொகைக்காகத் தாமே தீ வைப்பித்ததும் உண்டு. அதே காலத்தில் நகராட்சி, சிக்கனம் கருதித் தீயணைப்பு நிலையங்கள் சிலவற்றை மூடியது. 1970-க்கும் 1980-க்கும் இடையே பிராங்க்ஸின் ஏழு கணக்கெடுப்பு வட்டங்கள் தம் கட்டடங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கு மேல் இழந்தன என்பது பதிவான செய்தி. 1977 அக்டோபரில் அதிபர் கார்ட்டர் அங்குள்ள சார்லட் தெருவில் இடிபாடுகளுக்கு நடுவே நடந்து சென்ற படம் உலகெங்கும் வெளியாயிற்று.

இளைஞர்கள் தெருவுக்கொரு கும்பலாய்ப் பிரிந்து மோதினர். 1971 டிசம்பரில், கெட்டோ பிரதர்ஸ் என்ற குழுவின் சார்பில் சண்டையை விலக்கச் சென்ற கார்னெல் பெஞ்சமின் என்ற இளைஞர் அடித்துக் கொல்லப்பட்டார். பழிக்குப் பழி வாங்க எல்லோரும் காத்திருந்தபோது, அக்குழுவின் தலைவர்கள் பழி வேண்டா என்றனர். டிசம்பர் 8-ஆம் நாள் ஹோ அவென்யூ என்ற தெருவிலுள்ள சிறுவர் மன்றத்தில் கும்பல்களின் தலைவர்கள் கூடி அமைதி உடன்பாடு செய்தனர். மோதல் முற்றிலும் ஒழியவில்லை. எனினும், ஒரு தெருப் பிள்ளை மறு தெருவின் விருந்துக்கு அச்சமின்றிச் செல்லும் வழி மெல்லத் திறந்தது. ஹிப் ஹாப் வரலாற்றை இந்த உடன்பாட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்போரும் உளர். ஒரு கலை தழைக்க அமைதி வேண்டும் என்பதால், அவர்கள் கூற்றும் தள்ளத் தக்கதன்று.

1973 ஆகஸ்ட் 11

ஹிப் ஹாப் பிறந்த நாள் என்று பெரும்பாலோர் ஏற்பது 1973-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 11-ஆம் நாளை. பிராங்க்ஸின் மேற்குப் பகுதியில் செட்ஜ்விக் அவென்யூவில் 1520 என்னும் எண்ணுடைய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று உண்டு. ஜமைக்காத் தீவின் கிங்ஸ்டன் நகரிலிருந்து வந்த கேம்பெல் குடும்பத்தார் அங்கு வாழ்ந்தனர். அக்குடும்பத்துப் பெண் சின்டி கேம்பெல், பள்ளி திறக்கும்முன் புத்தாடை வாங்கப் பணம் சேர்க்க எண்ணினார். குடியிருப்பின் பொது அறையை வாடகைக்குப் பிடித்து விருந்தொன்று நடத்த ஏற்பாடு செய்தார். சிறு அட்டைகளில் கையால் எழுதி அழைப்பு விடுத்தார். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட். ஆண்களுக்கு 50 சென்ட். இசைத்தட்டு இயக்கியவர் சின்டியின் அண்ணன் கிளைவ் கேம்பெல். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. 'கூல் ஹெர்க்' என்பது அவர் சூடிய பெயர்.

ஹெர்க் கண்ட புதுமை யாது? ஒரு பாட்டின் நடுவே குரலும் மெட்டும் ஓய்ந்து, தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் இடம் ஒன்று வரும். அது சில நொடிகளே நீடிக்கும். ஆடுவோர் அந்த நொடிகளுக்காகவே காத்திருப்பதை ஹெர்க் கூர்ந்து நோக்கினார். ஒரே இசைத்தட்டின் இரு படிகளை இரு கருவிகளில் வைத்து, ஒன்றில் அவ்விடம் முடிந்ததும் மற்றொன்றில் அதனையே தொடங்கினார். சில நொடி தாளம் பல நிமிடங்கள் நீண்டது. அதில் ஆடியோரே 'பி-பாய்' எனப் பெயர் பெற்றனர். அவருடன் நின்று ஒலிவாங்கியில் நண்பர்களின் பெயர் சொல்லி விளித்துச் சொற்களை அடுக்கியவர் கோக் லா ராக். முதல் எம்.சி. அவரே என்பர். இசைத்தட்டை மாற்றி மாற்றி இயக்கும் முறை அன்றிரவே முழுமை பெற்றிருந்ததா, பின்னர்ப் படிப்படியாக உருவாயிற்றா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு.

இங்கே ஒன்று கூறவேண்டும். சாம்பலிலிருந்து பிறந்த கலை என்று இதனைப் புகழ்வோர் பலர். ஆனால், 1520-ஆம் எண் கட்டடம் எரிந்த இடிபாடன்று. உழைக்கும் மக்கள் ஒழுங்காகக் குடியிருந்த வீடு. ஹெர்க் இயக்கிய ஒலிபெருக்கிக் கருவி அவர் தந்தையார் ஓர் இசைக்குழுவுக்காக வாங்கி வைத்திருந்தது. வறுமை கலையைப் படைக்காது. பெற்றோர் வாங்கிய கருவியும், தாயார் சேர்த்த இசைத்தட்டும், பிள்ளைகளின் விடாமுயற்சியும் சேர்ந்தே படைத்தன.

மூவரும் ஒரு சிறுவனும்

ஹெர்க், கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ், ஆப்பிரிக்கா பம்பாட்டா என்னும் மூவரைத் தந்தையர் என்று கூறுவது மரபாகிவிட்டது.

ஃபிளாஷின் இயற்பெயர் ஜோசப் சாட்லர். 1958-இல் பார்படோஸ் தீவில் பிறந்தவர். தொழிற்பள்ளியில் மின்னணுவியல் கற்றவர். ஹெர்க்கின் கை ஒரு தட்டிலிருந்து மறு தட்டுக்குத் தாவும்போது தாளம் தவறுவதை இவர் கண்டார். தட்டின்மேல் வண்ணக்கோல் கொண்டு அடையாளமிட்டு, எத்தனை சுற்றுப் பின்னோக்கிச் சுழற்றினால் தாளத்தின் தொடக்கம் வரும் எனக் கணக்கிட்டார். மறு தட்டின் ஒலியைத் தாம் மட்டும் முன்கூட்டியே காதில் கேட்க ஒரு விசை அமைத்தார். பழம்பொருள்களிலிருந்து எடுத்த உறுப்புகளைக் கொண்டே கருவிகளைச் செப்பனிட்டார். பள்ளியில் கற்ற அறிவியல் தெருக்கலைக்கு எவ்வாறு உதவியது என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமோ?

தட்டை முன்னும் பின்னும் தேய்த்து 'கீறல்' ஒலி எழுப்பும் முறை தியோடர் லிவிங்ஸ்டன் என்ற சிறுவனுடையது. 1975-ஐ ஒட்டி, ஏறத்தாழப் பன்னிரண்டு வயதில், இசையின் ஒலியைக் குறைக்குமாறு அன்னையார் கண்டித்தபோது ஓடும் தட்டைக் கையால் அழுத்திப் பிடித்தான். அப்போது எழுந்த ஒலியைப் பிழை என்று தள்ளாமல் பன்னாள் பயின்று கலையாக்கினான். இம்முறையை உலகறியச் செய்த இசைத்தட்டு 1981-இல் ஃபிளாஷின் பெயரில் வந்தது. ஆதலால், கண்டவர் ஒருவர், பெயர் பெற்றவர் மற்றொருவர் என்ற மயக்கம் பலருக்கு உண்டாயிற்று.

பம்பாட்டா பிராங்க்ஸ் ரிவர் குடியிருப்பைச் சேர்ந்தவர். முன்னர்ப் பெருங்கும்பல் ஒன்றில் இருந்தவர். சண்டையைக் கலைப் போட்டியாக மாற்றும் நோக்குடன் ஸூலு நேஷன் என்ற அமைப்பைத் தோற்றுவித்தார். நான்கு உறுப்புகளையும் ஒரே பண்பாடாகச் சேர்த்துச் சொன்ன பெருமை இவருடையது என்பர். 2016-இல், சிறுவர்களைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கினார் என்ற கடுமையான குற்றச்சாட்டுகள் இவர்மீது எழுந்தன. இவர் அவற்றை மறுத்தார். ஆயினும் அமைப்பின் தலைமையிலிருந்து விலக நேர்ந்தது. முன்னோடி என்பதற்காக இதனை மறைத்து எழுதுவது வரலாறாகாது.

வழக்கு ஒன்று: பிராங்க்ஸா, பிறவிடமா?

நியூயார்க்கின் மற்றைய பகுதியினர் இந்த மூவர் கதையை ஏற்பதில்லை. ஹெர்க்கின் விருந்துக்குப் பல ஆண்டுகள் முன்னரே, 1960-களின் இறுதியில், புரூக்ளினில் கிராண்ட்மாஸ்டர் ஃபிளவர்ஸ் என்பவர் பூங்காக்களில் ஒலிபெருக்கி அமைத்து, ஒரு பாட்டு மற்றொன்றில் இழையோடக் கலந்து இசைத்தார். 'கிராண்ட்மாஸ்டர்' என்ற பட்டமே அவரிடமிருந்து வந்தது என்பர். பீட் டிஜே ஜோன்ஸ் என்பவர் இரு தட்டுகளைத் திறம்பட இயக்கியவர். ஃபிளாஷே அவரிடம் கற்றதுண்டு. ஹார்லெமில் டிஜே ஹாலிவுட், தாளம் வழுவாமல் எதுகையோடு பேசி அவையோரைத் தம்முடன் சேர்ந்து விடை கூறச் செய்தார். ராப் என்னும் உறுப்புக்கு அவரே முதல்வர் என்பார் பலர். பிராங்க்ஸிலேயே டிஸ்கோ கிங் மரியோ, ஹெர்க்குக்கு இணையாகவோ முன்னதாகவோ விருந்துகள் நடத்தினார் என்று அவ்வட்டாரத்து முதியோர் கூறுவர்.

இவர்கள் பெயர் ஏன் பின்தங்கின? ஜோன்ஸும் ஹாலிவுட்டும் பெரும்பாலும் வயது வந்தோர் செல்லும் விடுதிகளில் இசைத்தனர். அங்கே நல்லுடையும் நுழைவுப் பணமும் வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு அங்கு இடமில்லை. பின்னாளில் ஹிப் ஹாப் வரலாற்றைச் சொன்னவர்களோ, ஹெர்க்கின் விருந்தில் ஆடிய அந்தப் பிள்ளைகளே. தாம் கண்டதை அவர்கள் சொன்னார்கள். தம்மை உள்ளே விடாத இடத்தில் நடந்ததை அவர்கள் எவ்வாறு சொல்வர்? ஃபிளவர்ஸ் பூங்காவில் இசைத்தது காற்றோடு கலந்தது. பிற்காலத்தில் அவர் வறுமையுற்று 1992-இல் மறைந்தார்.

வழக்கு இரண்டு: தீவிலிருந்து வந்ததா?

ஹெர்க் ஜமைக்காவில் பிறந்தவர். அங்கே 1950-களிலிருந்தே பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகளைத் தெருவில் அடுக்கி, இசைத்தட்டு இயக்கி, அதன்மேல் பேசி மகிழ்விக்கும் வழக்கம் உண்டு. கவுண்ட் மச்சுக்கி, யூ-ராய் முதலியோர் அதில் வல்லவர். ஆகவே ஹிப் ஹாப்பின் வேர் ஜமைக்காவே என்பது ஒரு சாரார் கூற்று.

மறு சாரார் இதனை மறுப்பர். ஹெர்க் பன்னிரண்டு வயதில், 1967-இல், நியூயார்க் வந்தவர். பிராங்க்ஸ் இளைஞர் அக்காலத்தில் ஜமைக்க இசையை விரும்பவில்லை; அவர் இயக்கியவை ஜேம்ஸ் பிரவுன் போன்ற அமெரிக்கக் கலைஞரின் தட்டுகளே. 1980-களில் வெளிவந்த நூலொன்றில், ஜமைக்க வழக்கத்துக்கும் ராப்புக்கும் தொடர்பில்லை என்று ஹெர்க்கே கூறியதாக உள்ளது. பின்னாளிலோ தம் ஜமைக்கப் பிறப்பைப் பெருமையோடு நினைவுகூர்ந்தார். நேரில் கண்டவர், அதுவும் செய்தவரே, காலத்துக்கேற்பத் தம் கதையை வேறு வேறு வகையில் சொல்லக்கூடும் என்பதை மாணவர் இங்கே கருத்திற் கொள்க.

அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் எதுகையோடு ஏசி விளையாடும் சொற்போர் உண்டு. நெடுங்கதைகளைத் தாளத்தோடு சொல்லும் மரபும் உண்டு. 1950-களில் ஜாக்கோ ஹென்டர்சன் போன்ற வானொலி அறிவிப்பாளர்கள் எதுகை அடுக்கிப் பேசிப் புகழ் பெற்றனர். 1968-இல் ஹார்லெம் பூங்காவொன்றில் தோன்றிய லாஸ்ட் போயட்ஸ் குழுவினர் முழவொலியோடு அரசியல் கவிதை முழங்கினர். இன்னும் பின்சென்று, மேற்கு ஆப்பிரிக்காவில் குலவரலாறு பாடும் பாணர் மரபோடு இணைப்போரும் உளர்.

இவ்வழக்கில் ஆராய்ச்சியாளர் சுட்டும் ஓர் உண்மை இரு சாராரையும் வியக்கச் செய்யும். ஜமைக்காவின் ஒலிபெருக்கிப் பேச்சாளர்கள் கற்றது எங்கிருந்து? கடல் கடந்து வந்த அமெரிக்க வானொலியின் கறுப்பின அறிவிப்பாளர்களிடமிருந்து! அமெரிக்காவில் பிறந்த பேச்சு ஜமைக்கா சென்று அந்த மண்ணின் சுவையேறி, குடியேறிய பிள்ளைகளோடு பிராங்க்ஸுக்குத் திரும்பியது. இதில் எது மூலம், எது கிளை என்று கோடு கிழிப்பது எளிதன்று.

வழக்கு மூன்று: யாருடைய உடைமை?

பிராங்க்ஸில் கறுப்பின மக்களோடு போர்ட்டோ ரிக்கோ தீவினரும் ஒரே தெருவில் வாழ்ந்தனர். கோல்டு கிரஷ் பிரதர்ஸ் குழுவின் டிஜே சார்லி சேஸ் அத்தீவினர். தொடக்கத்தில் ஆடியோர் பெரும்பாலும் கறுப்பின இளைஞரே. 1970-களின் இறுதியில் அவர்கள் அதனைப் பழையதென விட்டபோது, ஏந்திக் காத்தவர் போர்ட்டோ ரிக்கோ இளைஞர்கள். 1977-இல் தொடங்கிய ராக் ஸ்டெடி குழுவும், அதனைப் பின்னர் வழிநடத்திய கிரேசி லெக்ஸும் இல்லையெனில் நம் மாணவர் ஆடிய ஆட்டம் இங்கு வந்தே இராது. இதனால் இரு மக்களும் சம பங்காளிகள் என்பார் ஒரு சாரார். அடித்தளம் கறுப்பின மக்களுடையது, மற்றையோர் பின்வந்தவர் என்பார் மறு சாரார். 2023-இல் பொன்விழாக் கொண்டாடியபோதும் இப்பூசல் சூடாகவே நடந்தது.

சுவரெழுத்தை எடுத்துக்கொண்டால், மூலம் நியூயார்க்கே அன்று. பிலடெல்பியா நகரில் 1960-களின் பிற்பகுதியிலேயே 'கார்ன்பிரெட்' என்ற புனைபெயரை ஓர் இளைஞர் சுவரெங்கும் எழுதினார். நியூயார்க்கில் 'டாக்கி 183' என்று எழுதியவரைப் பற்றி 1971-இல் நியூயார்க் டைம்ஸ் ஏடு செய்தி வெளியிட்டது. அவருக்கு முன் 'ஹூலியோ 204' என்பவர் எழுதிவந்தார். ஏட்டில் இடம் பெற்றவர் புகழ் பெற்றார்.

வழக்கு நான்கு: இசைத்தட்டும் குறிப்பேடும்

ஆறாண்டுக் காலம் இக்கலை தெருவிலும் பூங்காவிலும் மட்டுமே வாழ்ந்தது. 1979 செப்டம்பரில் நியூ ஜெர்சி மாநிலத்தில் சில்வியா ராபின்சன் என்ற பெண்மணி நடத்திய நிறுவனம் 'ராப்பர்ஸ் டிலைட்' என்ற இசைத்தட்டை வெளியிட்டது. அதே ஆண்டில் சற்று முன்னதாக ஃபேட்பேக் குழுவினர் ராப் அமைந்த தட்டொன்று வெளியிட்டிருந்தனர். எனினும் உலகைச் சுற்றியது சில்வியாவின் தட்டே.

அதில் பாடிய மூவரும் பிராங்க்ஸ் மேடைகளில் பெயர் பெற்றவர் அல்லர். அவர்களுள் பிக் பேங்க் ஹாங்க் என்பவர் பீட்சாக் கடையில் வேலை செய்தவர். அவர் பாடிய அடிகள் பிராங்க்ஸ் கலைஞர் கிராண்ட்மாஸ்டர் காஸ் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தவை. நண்பர் என்று நம்பிக் குறிப்பேட்டைக் கொடுத்தார் காஸ். பாட்டில் ஓரிடத்தில் பாடுபவர் தம் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்வார். அதுவும் காஸின் மேடைப் பெயரே! பெயரைக்கூட மாற்றாமல் பாடியும், தட்டின்மேல் காஸின் பெயர் அச்சாகவில்லை. உரிய பங்குத் தொகையும் அவருக்கு வரவில்லை. ஆனால், அப்பாட்டின் அடியில் ஒலிக்கும் இசை 'ஷீக்' குழுவினருடையது. அதன் உரிமை பதிவாகியிருந்தது. அக்குழுவின் நைல் ராட்ஜர்ஸ் வழக்குத் தொடுப்போம் என்றதும் அவர்கள் பெயர் சேர்க்கப்பட்டது, பங்கும் கிடைத்தது.

இளைஞர்களே, இந்த இரண்டையும் அருகருகே வைத்து நோக்குங்கள். இரு சாராரும் கலைஞர்களே. இரு சாராரின் படைப்பும் எடுத்தாளப்பட்டது. பதிவு உடையவர் பெயரும் பொருளும் பெற்றார். வெறுங்கையால் நண்பனிடம் கொடுத்தவர் இரண்டையும் இழந்தார்.

பின்னுக்குத் தள்ளப்பட்ட பெண்கள்

'தந்தையர்' என்ற சொல்லிலேயே ஒரு குறை உண்டு. முதல் விருந்தை எண்ணியவர், அறை பிடித்தவர், அழைப்பு எழுதியவர் சின்டி கேம்பெல். முதற்பெருந்தட்டை வெளியிட்டவர் சில்வியா ராபின்சன். ஃபங்கி ஃபோர் பிளஸ் ஒன் என்ற குழுவில் ஆடவர் நால்வர்க்கு நிகராக நின்று ராப் பேசியவர் ஷா-ராக் என்ற இளம்பெண். அக்குழு 1981 பிப்ரவரியில் அமெரிக்க நாடு முழுவதும் காணும் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றியது. ஹிப் ஹாப் குழுவொன்று அவ்வாறு தோன்றியது அதுவே முதன்முறை. ஆயினும் நெடுங்காலம் இப்பெண்டிர் கதையின் ஓரத்திலேயே நிறுத்தப்பட்டனர். நம் கழகத்திலும் மாலைப் பள்ளிக்கு விளக்கேற்றிய தாய்மார் பெயர் ஆண்டறிக்கைகளில் உண்டா என்று பார்த்தல் நலம்.

எது சான்று?

நான்கு வழக்குகளையும் கேட்டபின் தீர்ப்பு யாது? முதல்வர் ஒருவர் என்று சொல்ல இயலாது என்பதே நம் கருத்து. காவிரி தலைக்காவிரியில் தோன்றுகிறது என்கிறோம். பவானியும் நொய்யலும் அமராவதியும் கலவாத காவிரி ஏது? ஆயினும், தலைக்காவிரி என்று ஓரிடத்தைச் சுட்டுவதில் பொருள் உண்டு. அதுபோல 1973 ஆகஸ்ட் 11-ஐச் சுட்டுவதிலும் பொருள் உண்டு; அன்று ஒரு மடை திறந்தது. மடை திறந்த நாளையே நீர் பிறந்த நாளாகக் கொள்வதுதான் பிழை.

அந்த ஒரு நாள் மட்டும் நிலைத்தது ஏன்? சின்டி எழுதிய அழைப்பு அட்டையில் நாளும் இடமும் கட்டணமும் குறிக்கப்பட்டிருந்தன. ஃபிளவர்ஸின் பூங்காவுக்கு அத்தகைய அட்டை நம்மிடம் இல்லை. புத்தாடைக்குப் பணம் சேர்க்க ஒரு பெண் எழுதிய சிறு அட்டை, அரை நூற்றாண்டுக்குப்பின் ஒரு பண்பாட்டின் பிறப்புச் சான்றாயிற்று. பட்டி எஸ்க்வயர் என்ற பிராங்க்ஸ் இளைஞர் விருந்துகளுக்காகக் கையால் வரைந்த விளம்பரத் தாள்கள் இன்று கார்னெல் பல்கலைக்கழக நூலகத்தில் காக்கப்படுகின்றன. அன்று கம்பத்தில் ஒட்டி மறுநாள் கிழித்தெறிந்த தாள்கள் அவை.

சான்றின் பயன் பெருமையோடு முடிவதன்று. 2007-இல் 1520-ஆம் எண் கட்டடத்தின் உடைமையாளர், எளியோர்க்கான குறைந்த வாடகைத் திட்டத்திலிருந்து அதனை விலக்கி விற்க முனைந்தார். விற்றால் வாடகை உயரும். குடியிருப்போர் வெளியேற நேரும். குடியிருப்போர் தம் வீடு ஹிப் ஹாப் பிறந்த இடம் என்ற வரலாற்றையே கேடயமாக ஏந்தினர். ஹெர்க் அவர்களோடு நின்றார். அவ்வாண்டே நியூயார்க் மாநிலம் அக்கட்டடத்தின் வரலாற்றுச் சிறப்பை ஏற்றது. அது மட்டும் விற்பனையைத் தடுத்துவிடவில்லை. ஆயினும் போராட்டம் தொடர்ந்து, சில ஆண்டுகளுக்குப்பின் நகராட்சியின் உதவியோடு அக்கட்டடம் எளியோர்க்கான வீடாகவே நிலைபெற்றது.

ஹெர்க்குக்கோ அப்புகழ் சோறிடவில்லை. 2011-இல் அவர் நோயுற்றபோது மருத்துவக் காப்பீடு இல்லாமல் இடருற்றார் என்ற செய்தி வெளிவந்தது. கோடி கோடியாக ஈட்டும் தொழிலின் முன்னோடி அவர். 2021-இல் அமெரிக்க செனட் அவை ஆகஸ்ட் 11-ஐக் கொண்டாடத் தீர்மானம் இயற்றியது. 2023-இல் ராக் இசைப் புகழ்மன்றம் அவரை ஏற்றது. பெருமை வந்தது, ஐம்பது ஆண்டு தாழ்த்தி வந்தது.

முடிவுரை

இன்று தமிழிலும் இக்கலை வழங்குகிறது. 2018-இல் சென்னையில் அரங்கேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினர் கானாவோடு ராப்பையும் சேர்த்துச் சாதிக் கொடுமையைப் பாடினர். நம் இளைஞர் அதனைப் பாடுக; ஆடுக. பாடும்போது பிராங்க்ஸ் பிள்ளைகளின் பெயர்களையும் அறிந்து பாடுக. பிறர் உழைப்பை "யாரோ" என்று சொல்லும் பிழையை நாமும் செய்தல் தகாது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நம் கழகத்தின் முதற்கூட்டம் எங்கே கூடியது என்று இக்கட்டுரைக்காக முதியோர் இருவரைக் கேட்டோம். வேப்பமரத்தடியில் என்றார் ஒருவர். ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டுத் திண்ணையில் என்றார் மற்றொருவர். முதற்சந்தா யார் கொடுத்தது என்பதற்கும் இரண்டு விடை. இருபத்தைந்தே ஆண்டில் நம் கதைக்கே வழக்கு வந்துவிட்டது! இருவரும் பொய் சொல்பவர் அல்லர். எழுதி வைக்காதது நம் குறை.

ஆதலால், வெள்ளி விழாவின் நினைவாக இளைஞர்களிடம் ஒரு பணியை வேண்டுகிறோம். ஒவ்வொரு வீட்டிலும் உள்ள பழைய துண்டறிக்கை, ரசீது, நிழற்படம் ஆகியவற்றைத் திரட்டுங்கள். படத்தின் பின்புறம் ஆண்டையும் அதிலுள்ளோர் பெயரையும் எழுதுங்கள். முதியோரையும் தாய்மாரையும் தனித்தனியே கேட்டுப் பதிவு செய்யுங்கள். இரு விடை வந்தால் ஒன்றை அழிக்காமல் இரண்டையும் எழுதுங்கள். உங்கள் பாட்டையும் நாளிட்டுக் குறிப்பேட்டில் எழுதி, உங்கள் பெயரைக் கீழே இடுங்கள்.

கேள்வி கேட்ட அந்த மாணவனை மீண்டும் அழைத்து, நாம் அறிந்தவற்றைக் கூறினோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் இதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், ஐயா, மறந்துவிடும்" என்றான். அவன் கேட்ட தாள் இதுவே.

கழகம் வாழ்க! கல்வி வளர்க!